பலகையைத் தவறவிடும் கேமரா: அலைச்சறுக்குக் குறும்படங்களும் தமிழ்க் கரையும்

அலைச்சறுக்குக் குறும்படம் என்பது, கடலலை உடைந்து கரையை நோக்கிச் சரியும் சில நொடிகளில் அதன் முகப்பில் பலகைமேல் நின்று செல்பவரைப் படம்பிடித்து, அத்தகைய நொடிகளை அடுக்கி, மூன்று நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் முடியுமாறு தொகுக்கப்படும் ஆவணப்பட வகையாகும். அலை, ஆள், பலகை ஆகிய மூன்றும் இதற்கு அடிப்படை. இவற்றுள் அலைக்கு ஊர்ப்பெயரும் ஆளுக்குச் சொந்தப்பெயரும் திரையில் கிடைத்துவிடுகின்றன. பலகைதான் பெரும்பாலும் பெயரின்றிப் போகிறது. ஆனால் ஒருவர் அலையில் எந்தக் கோட்டை வரைய முடியும், எவ்வளவு விரைவாகத் திரும்ப முடியும், எந்த அலையைத் தொடவே முடியாது என்பவற்றையெல்லாம் முதலில் தீர்மானிப்பது பலகையே. தமிழ்க் கரையையும் தென்னிந்திய அலைகளையும் பற்றி அண்மைக் காலத்தில் வந்த படங்கள் ஆட்களின் வாழ்க்கையை அக்கறையோடு பதிவுசெய்திருக்கின்றன. அவர்களுடைய திறனையும் அந்தத் திறன் கைகூடும் கருவியையும் அதே அக்கறையோடு பதிவுசெய்யவில்லை. இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய, முழுநீளப் படங்களையும் சேர்த்து, அலைச்சறுக்குப் படங்களின் வரலாற்றைப் பலகையின் பக்கம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அலைச்சறுக்கைப் படச்சுருளில் பதிந்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று, எடிசன் நிறுவனத்துக்காக ராபர்ட் பொனைன் 1906இல் ஹவாய்த் தீவின் வைகிக்கிக் கரையில் எடுத்த காட்சிகள். ஆயினும் அலைச்சறுக்கையே பொருளாகக் கொண்டு, கட்டணம் வாங்கிக் காட்டப்பட்ட படங்களின் மரபு பட் பிரவுன் என்பவரிடமிருந்து தொடங்குவதாகவே கருதப்படுகிறது. அவர் 1953இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஒரு பள்ளி அரங்கை எடுத்து, ஹவாயில் தாம் எடுத்த 16 மி.மீ. படத்தை ஓட்டி, ஒலித்தடம் இல்லாத காட்சிகளுக்குத் தாமே நின்று விளக்கம் சொன்னார். கொங்கு நாட்டு வாசகருக்கு இந்த முறை புதிதன்று. 1905இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டியவரும், பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலை நிறுவியவருமான சாமிக்கண்ணு வின்சென்ட், ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே இதே உழைப்பைச் செய்திருந்தார். படம் எடுத்தவரே படத்தைத் தூக்கிச் சென்று காட்டியதால், பார்வையாளர்கள் எந்த இடத்தில் ஆர்ப்பரித்தார்கள், எந்த இடத்தில் பலகையைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள் என்பது பட் பிரவுனுக்கும் அவருக்குப் பின் வந்த புரூஸ் பிரவுனுக்கும் நேரடியாகத் தெரிந்தது. அந்த அரங்குகளில் அமர்ந்திருந்தவர்களில் பலர் மறுநாள் காலையில் தாமும் பலகையோடு கடலில் இறங்குகிறவர்கள். ஆகவே படம் அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டுமல்லாமல், கருவியை ஒப்பிட்டுப் பார்க்கும் பாடமாகவும் அமைந்தது.

பலகையின் கூறுகளைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. பலகையின் நடுவே மிதப்புத்தரும் நுரைக்கட்டை இருக்கும். 1950களின் இறுதிவரை இந்த இடத்தில் பால்சா மரம் இருந்தது, அதன்பின் பாலியூரித்தேன் நுரை வந்தது. கட்டையைச் சுற்றிக் கண்ணாடியிழைத் துணி போர்த்தி, பிசின் ஊற்றி இறுகவைப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். ராக்கர் எனப்படும் இந்த வளைவு மிகுந்தால் செங்குத்தான அலையில் மூக்குப் புதையாது, குறைந்தால் தட்டையான அலையிலும் வேகம் கிடைக்கும். ரெயில் எனப்படும் ஓரவிளிம்பு தண்ணீரைப் பற்றும் இடம். அடிப்புறத்தில் வாலருகே பொருத்தப்படும் துடுப்பிறகு, அதாவது ஃபின், பலகை பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்ளும். பலகையின் மொத்த மிதப்பை லிட்டர் கணக்கில் குறிப்பது இன்றைய வழக்கம். கற்றுக்கொள்பவருக்கான மென்பலகை 60 லிட்டரைத் தாண்டுவதும், தேர்ந்த போட்டியாளரின் பலகை 30 லிட்டருக்குள் அடங்குவதும் இயல்பு.

இந்தக் கூறுகள் ஒவ்வொன்றும் மாறியபோது படங்களின் மொழியும் மாறியது. 1960களின் நடுப்பகுதிவரை பலகைகள் ஒன்பது, பத்து அடி நீளமுடையவை. அவற்றில் செல்பவர் மெதுவாக நடந்து முனைக்குப் போய் நிற்பதே உயர்ந்த கலையாகக் கருதப்பட்டது, கேமராவும் கரையில் மூன்றுகால் தாங்கியின்மேல் பொறுமையாகக் காத்திருந்தது. 1966இல் சான் டியேகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியரான நாட் யங் 9 அடி 4 அங்குலப் பலகையில் வென்றார். அதன் மெல்லிய வடிவும் வளைந்துகொடுக்கும் துடுப்பிறகும் முனைநடையைவிடத் திருப்பங்களை முதன்மையாக்கின. அடுத்த சில ஆண்டுகளில் பலகைகள் ஏழு அடிக்கும் கீழே சுருங்கின. அந்தத் துடுப்பிறகுக்கு ஊக்கம் தந்த ஜார்ஜ் கிரீனோ, தாம் வடிவமைத்த சிறு பலகையில் மண்டியிட்டுச் செல்பவர். அவர் கனத்த கேமராவை முதுகில் கட்டிக்கொண்டு அலையின் குழலுக்குள்ளேயே நுழைந்து எடுத்த காட்சிகள் 1970இல் ‘தி இன்னர்மோஸ்ட் லிமிட்ஸ் ஆஃப் ப்யூர் ஃபன்’ என்ற படத்தில் வெளிவந்தன. நீளப் பலகையில் அந்த இடத்துக்குள் கேமராவைக் கொண்டுபோவது எண்ணிப்பார்க்க முடியாத செயல். அந்தக் காட்சியைச் சாத்தியமாக்கியதில் பலகை வடிவத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆல்பி ஃபால்சன் 1972இல் வெளியிட்ட ‘மார்னிங் ஆஃப் தி எர்த்’ இதற்கு அடுத்த படி. பாலித் தீவின் உலுவத்து அலையை உலகுக்குக் காட்டிய படம் என்றே அது பெரிதும் பேசப்படுகிறது. அதைவிட மதிக்கத்தக்க ஒன்று அதில் இருக்கிறது: பலகையைத் தன் கையாலேயே செதுக்கி, இழைத்து, துணி போர்த்தி, அதையே கடலுக்கு எடுத்துச் செல்பவரை முழுச் சுற்றாக அந்தப் படம் காட்டியது. ஒரு கருவி பிறப்பதையும் அது வேலைசெய்வதையும் ஒரே மூச்சில் காட்டும்போது, பார்ப்பவருக்கு அலையில் தெரியும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணம் விளங்குகிறது.

1981இல் ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் மூன்று துடுப்பிறகுகள் கொண்ட பலகையில் பெரிய போட்டிகளை வென்றார். அதன்பின் உலகம் முழுவதும் அந்த அமைப்பே நிலைத்தது. 1990களில் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரியான மெல்லிய, முனை கூர்ந்த பலகைகள் என்ற நிலை வந்தது. டெய்லர் ஸ்டீலின் ‘மொமென்டம்’ போன்ற வீடியோப் படங்களும் அந்த ஒற்றைப் பலகையின் வேகத்துக்கு ஏற்ற வெட்டுகளோடு வெளிவந்தன. இந்த ஒருமைக்கு எதிராக நின்றது 1996இல் ஆண்ட்ரூ கிட்மன் உருவாக்கிய ‘லிட்மஸ்’. போட்டிகளிலிருந்து விலகிய டெரெக் ஹிண்ட், தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே அலையில், மறக்கப்பட்ட பழைய வடிவங்களில் செல்வதை அது நீண்ட காட்சிகளாகக் காட்டியது. அவற்றுள் ஃபிஷ் எனப்படும் வகை, வால் பிளவுபட்டு இரட்டைத் துடுப்பிறகோடு அமைந்த குட்டையான அகன்ற பலகை. 1967இல் சான் டியேகோவைச் சேர்ந்த ஸ்டீவ் லிஸ் மண்டியிட்டுச் செல்வதற்காக வடிவமைத்தது. ‘லிட்மஸ்’ வந்து மூன்றாண்டுகளுக்குப்பின் தாமஸ் கேம்பெல்லின் ‘தி சீட்லிங்’ ஒற்றைத் துடுப்பிறகுள்ள நீளப் பலகைக்கு இதே வகை மறுவாழ்வைத் தந்தது. கைவிடப்பட்ட ஒரு தொழில்நுட்பத்தைப் படம் ஒன்று மீட்டெடுத்து, பட்டறைகளில் மீண்டும் செய்யவைத்த நிகழ்வு கைவினை வரலாற்றிலேயே அரிது. கண்ணால் கண்ட பின்னரே செதுக்குபவர்கள் அந்த வடிவங்களை நம்பினார்கள்.

இத்தகைய படங்கள் தாம் கண்டதை மட்டுமே தொடக்கம் என்று எண்ணிவிடும் பிழையும் உண்டு. புரூஸ் பிரவுனின் புகழ்பெற்ற ‘தி எண்ட்லெஸ் சம்மர்’ மைக் ஹின்சன், ராபர்ட் ஆகஸ்ட் என்ற இரு இளைஞர்களை உலகம் சுற்றி அழைத்துச் செல்கிறது. கானாக் கரையில் அவர்கள் இறங்கும்போது, அங்குள்ளவர்கள் இதை முதன்முறையாகப் பார்ப்பதாகவே படத்தின் குரல் பேசுகிறது. ஆனால் அந்தக் கரையில் சிறுவர்கள் பலகை கட்டி அலையில் வந்ததை 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்திருப்பதை வரலாற்றாசிரியர் கெவின் டாசன் எடுத்துக்காட்டியிருக்கிறார். மீனவச் சமுதாயம் அலையைக் கடக்கும் அறிவை வைத்திருக்கும் எந்த இடத்திலும் இந்தப் பிழை நேரக்கூடும். சோழமண்டலக் கரை அதற்கு மிகப் பொருத்தமான இடம்.

சென்னைக்குத் துறைமுகம் கட்டும் பணி 1870களின் நடுவில்தான் தொடங்கியது. 1881இல் புயல் அதைச் சிதைத்ததால் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. அதுவரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டன. இடையே வரிசை வரிசையாக உடையும் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கொண்டுவந்தவை, ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டு வளைந்துகொடுக்கும் மசூலாப் படகுகள். படகே போக முடியாத நாள்களில் கட்டுமரக்காரர்கள் பனையோலைத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசேர்த்தார்கள். மிதக்கும் மரத்துண்டுகளைப் பிணைத்துக் கட்டும் கட்டுமரத்துக்கு உள்ளறை கிடையாது. ஆகவே அலை மேலே ஏறினாலும் நீர் தங்காமல் வழிந்துவிடும். கரைக்குத் திரும்பும்போது அலையின் முதுகைப் பார்த்துக் காத்திருந்து, சரியான அலையில் துடுப்புப்போட்டு, அதன் தள்ளலிலேயே மணலில் ஏறுவது அவர்களின் அன்றாடப் பணி. பொழுதுபோக்குக்காகச் செய்யவில்லை என்பதால் இதை அலைச்சறுக்கு வரலாற்றிலிருந்து விலக்கிவைப்பது பொருந்தாது. அலையைத் தேர்தல், நேரம் கணித்தல், எடையை முன்பின் மாற்றுதல் ஆகிய மூன்று திறன்களும் இரண்டிலும் ஒன்றே. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் கட்டுமர வகைகளை நுணுக்கமாக எழுதிவைத்தார். அந்த எழுத்துக்கு இணையான நகரும் படம் நம்மிடம் இருந்திருந்தால், இன்றைய சறுக்குப் பலகையோடு கட்டுமரத்தை ஒப்பிடுவது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

நவீன அலைச்சறுக்கு இந்தியாவில் வேரூன்றியதில், ‘சர்ஃபிங் சுவாமி’ என்று அறியப்பட்ட அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் 2004இல் கர்நாடகத்தின் முல்கியில் தொடங்கிய ஆசிரமத்துக்கும், சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் மீனவக் குப்பத்து மூர்த்தி மேகவனுக்கும் முக்கிய இடமுண்டு. முதலில் மரப்பலகையில் முயன்று பார்த்த மூர்த்தி, பிறர் உதவியோடு 2012இல் கோவ்லாங் பாயிண்ட் பள்ளியைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டிலிருந்து அங்கு அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த விழா நடந்தது. மாமல்லபுரத்திலும் புதுச்சேரியை ஒட்டிய செரினிட்டி கடற்கரையிலும் இதே காலத்தில் இளைஞர் குழுக்கள் உருவாயின. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது, கேரளத்துக் கோவளத்தில் வளர்ந்த ரமேஷ் புதிஹால் ஆடவர் பிரிவில் வெண்கலம் பெற்றார். அப்போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தனிநபர்ப் பதக்கம் அது.

படங்கள் இந்தக் கரைகளுக்கு இரண்டு அலையாக வந்தன. முதலாவது, வெளிநாட்டு வீரர்கள் புதிய அலைகளைத் தேடி வந்தது. 2000இல் வெளிவந்த ‘திக்கர் தன் வாட்டர்’, 2010இல் டெய்லர் ஸ்டீல் எடுத்த ‘காசில்ஸ் இன் தி ஸ்கை’ ஆகியவற்றில் இந்தியாவும் பயணத்தின் ஒரு நிறுத்தம். இவற்றில் வீரரும் பலகையும் வெளியிலிருந்து வருகின்றன. கரையும் கரையில் வாழ்பவர்களும் பின்னணியாகிறார்கள். இரண்டாவது, 2014இல் வந்த ‘பியாண்ட் தி சர்ஃபேஸ்’ போன்றவை. கிரிஸ்டல் தார்ன்பர்க்-ஹோம்சியும் டேவ் ஹோம்சியும் உருவாக்கிய அந்தப் படத்தில், கர்நாடகக் கரையில் ஷாகா சர்ஃப் கிளப்பை நடத்திய இஷிதா மாளவியாவோடு சேர்ந்து வெளிநாட்டுப் பெண்கள் தென்னிந்தியாவில் பயணிக்கிறார்கள். இஷிதாவும் அவருடைய தோழரும் தொடக்கத்தில் ஒரே ஒரு பழைய பலகையைப் பகிர்ந்துகொண்டு கற்றார்கள் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. இதைக் கேட்பவர் நெகிழ்கிறார். ஆனால் இரு வேறு எடையும் உயரமும் உள்ளவர்கள் ஒரே பலகையில் கற்கும்போது அவர்கள் நிற்கும் முறை எப்படி மாறுகிறது என்பதுதான், படம் மட்டுமே காட்டக்கூடிய அரிய பொருள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மிகப் பரவலாக அறியப்பட்ட குறும்படம் சாஷா ரெயின்போ இயக்கி 2019இல் வந்த ‘கமலி’. மாமல்லபுரத்தில் சக்கரப் பலகையில் செல்லும் சிறுமி கமலியையும் அவரைத் தனியே வளர்க்கும் தாய் சுகந்தியையும் பற்றிய அந்தப் படம், 2020இல் பிரிட்டிஷ் அகாதமி விருதின் குறும்படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சக்கரப் பலகையே அலை இல்லாத நாள்களில் தெருவில் சறுக்குவதற்காகக் கலிபோர்னியாவில் பிறந்த கருவி என்பதால், அதை அலைச்சறுக்குப் படங்களின் குடும்பத்தில் சேர்ப்பது பொருந்தும். கமலியும் பின்னாளில் கடலில் இறங்கித் தேசிய அளவில் வெற்றிகள் பெற்றார். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான உறவை அந்தப் படம் கையாண்ட மென்மை உயர்ந்தது. அதன் வெற்றிக்குப்பின் தமிழ்க் கரையை நோக்கி வந்த பல சிறு காணொளிகள், வறுமை, தடை, கடல், விடுதலை என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் வருத்தம். அந்த வரிசையில் வீரர் எப்போதும் மீட்கப்பட்டவராகவே தோன்றுகிறார். தேர்ந்தவராகத் தோன்ற இடம் கிடைப்பதில்லை. மெதுவோட்டக் காட்சிகள் அழகைத் தருகின்றன. ஆனால் அலையின் உண்மை வேகத்தையும், அந்த வேகத்தில் பின்காலை அரையடி நகர்த்திப் பலகையைத் திருப்பும் முடிவையும் அவை மறைத்துவிடுகின்றன. கரையிலிருந்து வெட்டாமல் எடுக்கப்பட்ட இருபது நொடிக் காட்சியே ஒருவரின் திறனுக்கு நேர்மையான சான்று.

பலகையைப் பற்றிச் சொல்லத் தமிழ்க் கரையில் பொருள் குறைவாக இல்லை. பெரும்பாலான பலகைகள் இறக்குமதியானவை அல்லது பயணிகள் விட்டுச்சென்றவை. ஆகவே இங்குள்ள பலர் தமக்கென அளவெடுக்கப்படாத பலகைகளில் கற்றார்கள். மறுபுறம், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. அந்தப் படகுக்கும் பலகைக்கும் மூலப்பொருள் ஏறத்தாழ ஒன்றே. படகுக்கு வெட்டிய இழைகளைத் தாறுமாறாகப் பரப்பிய விரிப்பும் பாலியெஸ்டர் பிசினும் பயன்படுகின்றன. பலகைக்கு அதே பிசினோடு நெய்த துணி பயன்படுகிறது. குப்பத்தில் ஃபைபர் படகின் ஓட்டையை அடைக்கத் தெரிந்தவர், பாறையில் மோதி நசுங்கிய பலகையையும் அடைக்கலாம். தெர்மோகோல் வகை நுரையாலான பலகை என்றால் மட்டும் பாலியெஸ்டர் பிசின் அந்த நுரையைக் கரைத்துவிடும் என்பதால், எப்பாக்ஸி பிசினுக்கு மாற வேண்டும். மீன்பிடித் தொழிலின் கைத்திறன் விளையாட்டுக் கருவிக்குள் புகும் இந்த இடத்தை ஐந்து நிமிடம் காட்டும் படம், எத்தனையோ அந்திவானக் காட்சிகளைவிட மேலானது.

உடுமலைப்பேட்டை போன்ற உள்நாட்டு நூற்பாலை ஊருக்கு இந்தப் பொருள் எட்டாதது போலத் தோன்றலாம். ஆனால் பலகையைப் போர்த்துவது துணி; அதன் தரத்தைச் சொல்லும் அளவும் இப்பகுதியில் அன்றாடம் புழங்குவதே. வழக்கமான பலகைக்குச் சதுர கெஜத்துக்கு 4 அவுன்ஸ் அல்லது 6 அவுன்ஸ் எடையுள்ள கண்ணாடியிழைத் துணி போடப்படுகிறது. ஜிஎஸ்எம் கணக்கில் அது முறையே ஏறத்தாழ 136, 203 ஆகும். அதாவது முதலாவது ஒரு மெல்லிய பனியன் துணியின் எடை. வேறுபாடு கட்டமைப்பில் இருக்கிறது. திருப்பூரின் பின்னல் துணி உடலோடு நீள வேண்டும் என்பதால் கண்ணிகளால் ஆனது. பலகையின் துணி நீளவே கூடாது என்பதால் பாவும் ஊடும் குறுக்காக ஓடும் நெசவால் ஆனது. நிற்கும் காலின் அழுத்தம் மேற்புறத்தில் விழுவதால் அங்கு இரண்டு அடுக்கும் அடியில் ஓரடுக்கும் போடுவது பொதுவான வழக்கம். அடுக்கு கூடினால் உறுதி கூடும், எடையும் கூடும்; போட்டிப் பலகைகள் சில மாதங்களிலேயே குதிகால் பதிந்து குழிவதன் காரணம் இந்தச் சிக்கனமே.

காற்றும் இவ்வூரைக் கடற்கரையோடு இணைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ 30 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயில் நெருக்குண்டு விரைந்து, உடுமலை, பல்லடம் பகுதிக் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்று, தென்மேற்குப் பருவக்காற்றின் ஒரு கிளையாகும். அதே பருவத்தில் கிழக்குக் கரையின் காலை வேளைகளில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்து நெடுந்தொலைவு வரும் அலைகளின் முகத்தை அது நிமிர்த்திச் சீராக்குகிறது. கடற்காற்று எழும் பிற்பகலில் அந்த முகம் கலைந்துவிடும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் நல்ல காட்சிகள் விடியலில் எடுக்கப்படுவதற்கு ஒளியின் அழகோடு இந்தக் காற்றும் காரணம். இலங்கையின் மறைவில் உள்ள பாக் நீரிணைக் கரைக்கு இந்தத் தென்கடல் அலைகள் வந்துசேர்வதில்லை என்பதால், அந்தக் கரையில் இத்தகைய படங்கள் எடுப்பது கடினம்.

அலை உடையும் இடமும் நிலையானதன்று. 1989இல் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணலோட்டத்தைத் தடுத்தபின், அதற்கு வடக்கே இருந்த கடற்கரை அரிக்கப்பட்டது. ஊர்களைக் காக்கக் கொட்டிய பாறைகளும் கடலுக்குள் நீட்டிய தடுப்புகளும் அரிப்பை மேலும் வடக்கே தள்ளின. 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் தடுப்புத்திட்டு அமைத்தபின் நகரின் முன்கரையில் மணல் ஓரளவு திரும்பியது. சென்னையைச் சேர்ந்த இயக்குநர் சேகர் தத்தாத்ரி இந்த அழிவைத் தம் குறும்படமொன்றில் பதிவுசெய்திருக்கிறார். அலைச்சறுக்கைப் பற்றிய படமாக இல்லாவிட்டாலும், இக்கரையின் சறுக்கு வீரர்களுக்கு அதைவிட நெருக்கமான படம் வேறில்லை. மணல்திட்டு மெல்லச் சரிந்திருந்தால் அலை நீண்டு சாய்ந்து உடையும், அங்கு நீளப் பலகை ஓடும். திட்டு திடீரென முடிந்தால் அலை செங்குத்தாகக் கவிழும், அங்கு வளைவு மிகுந்த குட்டைப் பலகையே தாங்கும். எனவே செரினிட்டியிலோ கோவளத்திலோ எடுக்கப்படும் காணொளியின் இறுதியில் நாள், இடம், பலகையின் நீள அகலக் கனம், துடுப்பிறகுகளின் எண்ணிக்கை, அதைச் செதுக்கியவர் அல்லது செப்பனிட்டவர் பெயர் ஆகியவற்றை நான்கு வரியில் எழுதிவைத்தால், அந்த ஆண்டின் அந்தப் பருவத்தில் கடலடி மணல் எங்கே எப்படிக் கிடந்தது என்பதையும் பிற்காலத்தவர் அதிலிருந்து கணித்தறிய முடியும்.